கடலுக்கு ஒரு பஞ்சாங்கம்

பாரிஸ் நகரத்தில் நாலு நாள் சுற்றினால் கால் வீங்கிப் போகும். ஈபல் கோபுரம், லூவ்ர் மியூஸியம் என்று ஏறி இறங்கி, "அம்மாடி, இனி ஒரு படி கூட ஏற முடியாது!" என்று நீங்கள் உட்கார்ந்துவிடும் வேளையில் பாரிஸ்காரர்கள் செய்வதையே செய்யுங்கள். மாற்றுத் துணியைச் சின்னப் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலையில் கடற்கரைக்கு ரயில் ஏறிவிடுங்கள்.

பிரான்ஸின் கடற்கரை என்றால் நீஸ், கான் என்று தெற்குப் பக்கத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பணம் கொழுத்தவர்கள் அங்கே போகட்டும். நான் உங்களை அழைப்பது வடமேற்கே பிரிட்டனி மாகாணத்தில் இருக்கும் ஸான் மாலோவுக்கு. மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாகப் போனாலே மதில் சூழ்ந்த பழைய ஊருக்குள் நுழைந்துவிடலாம். இரண்டு நாள் தங்கினால் போதும்.

ஹோட்டலில் சாவியை வாங்கியதும் காப்பி எத்தனை மணிக்கு என்று விசாரிக்காதீர்கள். "இன்று கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும்?" என்று கேளுங்கள். கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சடித்த ஒரு அட்டவணையைக் கையில் கொடுப்பார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் ராகுகாலம் பார்க்காமல் வாசற்படி தாண்டமாட்டார்கள் அல்லவா? ஸான் மாலோவில் இந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் யாரும் கடற்கரையில் கால் வைப்பதில்லை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சென்னை மெரீனாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புகிற நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஸான் மாலோவிலோ, பெரிய ஏற்றம் வரும் நாட்களில் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் வித்தியாசம்! நாலு மாடி வீட்டின் உயரம். காலையில் மதிற் சுவரை அறைந்துகொண்டிருந்த சமுத்திரத்தை மத்தியானம் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும். படகுகள் எல்லாம் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கும். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாததுபோல் கடல் பழைய இடத்திலேயே நிற்கும்.

சந்திரனும் சூரியனும் இழுக்கிற இழுப்பு எல்லாக் கடலுக்கும் ஒன்றுதான். ஆனால் இங்கே அட்லாண்டிக்கிலிருந்து இங்கிலீஷ் கால்வாய்க்குள் புகும் தண்ணீரைக் கொதான்தான் என்கிற தீபகற்பம் குறுக்கே நின்று மறிக்கிறது. போக இடமில்லாத தண்ணீர் மேலே ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றம் பெரிதாக இருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டிக் கேட்கவே வேண்டாம். ஏற்றத்தின் பலத்தைக் காட்ட அட்டவணையில் 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். நூறைத் தாண்டினால் ஊரே மதில் மேல் ஏறி வேடிக்கை பார்க்கும். ஸியோன் என்ற நீண்ட மணற்கரையில் அலையின் வேகத்தை உடைப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்ட பெரிய பெரிய ஓக் மரக் கட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் அலை மோதித் தெறிக்கிற அழகை ஒரு மணி நேரம் பார்க்கலாம். குடை மட்டும் பிரயோஜனப்படாது.

"கடல் ஓடிப் போய்விட்டால் குழந்தைகள் எதில் விளையாடும்?" என்பீர்கள். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். போன் ஸெகூர் என்ற கடற்கரையில் 1937இல் ஒரு தொட்டி கட்டினார்கள். ஏறுகிற கடல் அதை நிரப்பிவிட்டுப் போகும். இறங்கினாலும் தொட்டியில் தண்ணீர் தங்கிவிடும். கடல் ஏறிய நேரத்தில் தொட்டியே தெரியாது. தண்ணீரில் குதிக்கிற மேடை மட்டும் நடுச் சமுத்திரத்தில் தனியாக நிற்கும்! தண்ணீர் என்னவோ கோடையிலும் ஜில்லென்றுதான் இருக்கும். பிரெஞ்சுக் குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு குதிக்கும். நமக்குக் கணுக்கால் நனைந்தால் போதும். அதற்கே உச்சி மயிர் சிலிர்த்துவிடும்.

இந்தக் கரையிலிருந்துதான் கிராண்ட் பே என்ற சிறு தீவுக்கு நடந்து போகிறார்கள். வற்றம் வந்ததும் கல் பாவிய ஒரு பாதை தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வரும். தீவில் ஷாதோப்ரியானின் கல்லறை இருக்கிறது. 1768இல் இதே ஊரில் பிறந்து, 1848இல் மறைந்த பெரிய எழுத்தாளர். உயிரோடு இருக்கும்போதே இந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்லறையில் பெயர் கிடையாது. ஒரு சிலுவையும், எதிரே கடலும்தான்.

தாய்மார்கள் இங்கே கவனிக்க வேண்டும். திரும்புகிற நேரத்தை முன்பே தெரிந்துகொண்டு புறப்படுங்கள். தீவின் உச்சியில் காற்றும் காட்சியும் அப்படி இருக்கும். "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று குழந்தைகள் கெஞ்சும். கடலோ முன்னால் வந்து மிரட்டுவதில்லை. சத்தம் போடாமல் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வந்து பாதையை மூடிவிடும். அப்போது முழங்கால் ஆழம்தானே என்று இறங்குவது மகா தவறு. அங்கே நீரோட்டத்தின் இழுப்பு பெரிய ஆண்பிள்ளையையும் புரட்டிவிடும். அகப்பட்டுக்கொண்டால் மேட்டிலேயே உட்கார்ந்து கடல் மறுபடி இறங்குகிற வரை காத்திருப்பதுதான் ஒரே வழி. பல மணி நேரம் பசியும் குளிரும் இருக்கும், உயிருக்குச் சேதமிருக்காது. ஆகவே, தீவுக்குப் போகும்போது பையில் ஒரு கம்பளிச் சட்டையும் நாலு பிஸ்கட்டும் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

மாலையில் மதில் மேல் ஒரு சுற்று வாருங்கள். முழுவதும் சுற்றினால் இரண்டு கிலோ மீட்டருக்குள்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெட்டையாக நெருங்கி நிற்கும் கருங்கல் வீடுகள். பார்த்தால் முந்நூறு வருஷத்து வீடுகள் என்று தோன்றும். இல்லை! 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் வசம் இருந்த இந்த ஊரை அமெரிக்கர்கள் முற்றுகையிட்டபோது, குண்டும் நெருப்புமாக மதிலுக்குள் பத்தில் எட்டுப் பங்கு அழிந்தது. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பியது. தரைமட்டமான இடத்தில் கண்ணாடியும் சிமெண்டுமாகப் புது நகரம் எழுப்பியிருக்கலாம். ஊரார் அதற்கு இசையவில்லை. இடிபாட்டில் கிடந்த கல்லையே எடுத்து, பழைய ஜாடையிலேயே வீதி வீதியாகக் கட்டினார்கள். தேவாலயத்தைச் செப்பனிட்டு முடிக்கவே 1972 ஆகிவிட்டது. சில சுவர்களில் கல்லின் நிறம் மாறுவதைக் கூர்ந்து பார்த்தால் எது பழசு, எது புதுசு என்று தெரியும்.

இந்த மதிலுக்கு முன்னாளில் காவல் நாய்கள்! இரவில் கதவுகளைச் சாத்திவிட்டு முரட்டு வேட்டை நாய்களைக் கடற்கரையில் அவிழ்த்து விடுவார்களாம், திருடர் அண்டாதிருக்க. 1770இல், நேரம் கழித்துத் திரும்பிய ஓர் இளம் கடற்படை அதிகாரியை அவை கடித்துக் கொன்றுவிட்டன. அன்றோடு அந்த ஏற்பாடு ஒழிந்தது.

சென்னைவாசிகளுக்கு இந்த ஊரோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1746 செப்டம்பரில் கப்பற் படையோடு வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தாரே லா பூர்தொனே, அவர் 1699இல் பிறந்தது ஸான் மாலோவில்தான். சென்னையைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரி கவர்னர் தூப்ளேக்கும் மூண்ட சண்டை பிரசித்தம். ஊர் திரும்பியவரைப் பாஸ்டில் சிறையில் போட்டார்கள். குற்றமற்றவர் என்று 1751இல் விடுதலையாகி, இரண்டே வருஷத்தில் காலமானார். சென்னையோ 1749லேயே ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிவிட்டது. 1800இல் வங்காள விரிகுடாவில் 'கென்ட்' என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்த ஸுர்கூஃபும் இவ்வூர்ப் பிள்ளைதான். அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டோடு கொள்ளையடித்தவர்கள் என்பதால் இவர்களைக் கடற்கொள்ளைக்காரர் என்று சொன்னால் ஊரார் முகம் சுளிப்பார்கள். 'கோர்ஸேர்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்!

சாப்பாட்டுக்கு வருவோம். சைவ உணவுக்காரர்கள் பிரான்ஸில் படும் பாடு சொல்லி முடியாது. பிரிட்டனியில் அந்தக் கவலை பாதி குறைகிறது. காரணம், 'கலெத்' என்கிற பலகாரம். வட இந்தியர் விரத நாளில் சாப்பிடும் குட்டு மாவு இருக்கிறதே, அதே மாவுதான் இது. தண்ணீர் விட்டுக் கரைத்து, 'பிலிக்' என்ற வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றி, சிறிய மரத் துடுப்பால் ஒரே சுழற்றாகத் தேய்க்கிறார்கள். அசல் தோசைதான்! கல் காய்ந்த பதம் பார்ப்பதும், ஓரம் முறுகியதும் மடிப்பதும் பார்த்தால் நம்மூர்க் கைதானோ என்று தோன்றும். புளிப்பும் இல்லை, சட்னியும் இல்லை. அதற்குப் பதிலாக உப்பு போட்ட வெண்ணெய். வழக்கமாக உள்ளே முட்டையும் பாலாடைக் கட்டியும் பன்றி இறைச்சியும் வைத்து மடிப்பார்கள். "ஸான் ழாம்போன்" என்று சொல்லிவிடுங்கள், இறைச்சியை விட்டுவிடுவார்கள். முட்டையும் ஆகாதென்றால் வெறும் வெண்ணெய் கலெத் கேளுங்கள். 'க்வின் அமான்' என்றொரு பணியாரம் இருக்கிறது. பிரெத்தோன் மொழியில் 'வெண்ணெய்க் கேக்' என்று அர்த்தம். சர்க்கரையும் வெண்ணெயும் மடிப்பு மடிப்பாகச் சொட்டும். நாலு பேருக்கு ஒன்று வாங்கினால் சரி.

ஞாயிற்றுக்கிழமை நேரம் மிஞ்சினால் படகில் எதிர்க்கரை தினாருக்குப் போய், திரும்பும்போது ரான்ஸ் ஆற்று அணையின் மேல் பஸ்ஸில் வாருங்கள். ஓடி ஓடி வருகிற கடலை வேலை வாங்க வேண்டும் என்று நினைத்து, 1966இல் இந்த அணையைத் திறந்தார்கள். 24 யந்திரங்கள், கடல் ஏறி இறங்குகிற பலத்திலேயே 240 மெகாவாட் வரை மின்சாரம். உலகத்தில் இந்த ரகத்தில் முதல் பெரிய நிலையம் இதுதான்.

எப்போது போகலாம்? ஆகஸ்டில் கூட்டம் தாங்காது. ஜூன் அல்லது செப்டம்பர் உத்தமம். அலையின் ஆர்ப்பாட்டம் பார்க்க ஆசையானால் அட்டவணை எண் நூறைத் தாண்டும் வாரத்தில் ரயில் டிக்கெட் வாங்குங்கள். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அறுபது, எழுபது என்று போட்டிருக்கும் வாரமாகப் பாருங்கள்.