ரெண்டும் 28 அடிதான்... எந்தப் படகை வாங்குறது?

தஞ்சாவூர்னா நெல்லு, பெரிய கோயில், தலையாட்டி பொம்மை. இந்த மூணோட நிறைய பேருக்கு லிஸ்ட் முடிஞ்சிடும். எங்க மாவட்டத்துக்குக் கடலும் உண்டுன்னு சொன்னா, "அதான் நாகப்பட்டினம் பிரிஞ்சு போயிருச்சே"ன்னு என் வகுப்புலயே கேக்குறாங்க. நாகை 1991ல பிரிஞ்சது வாஸ்தவம்தான். ஆனா பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டிப் போனா அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம்னு வரிசையா கடற்கரை ஊர்கள் இன்னமும் நம்ம மாவட்டத்துலதான் இருக்கு.

அந்தப் பக்கத்துலேர்ந்து படிக்க வர்ற என் வகுப்பு நண்பன் வீட்டுல, இருந்த பழைய படகு இனி ஒட்டுப்போட்டுத் தாங்காதுங்குற நிலைமை. அவனோட அப்பா (நானும் அப்பான்னுதான் கூப்பிடுவேன்) விலைக்கு வந்த ரெண்டு படகைப் பாத்து வெச்சிருந்தார். ரெண்டும் ஃபைபர். ரெண்டும் 28 அடி. ரெண்டும் ஏற்கெனவே ஓடின படகுங்க. வித்தியாசம் எஞ்சின்ல. ஒண்ணுல பெட்ரோல்ல ஓடுற அவுட்போர்ட் மோட்டார். இன்னொண்ணுல லாங் டெயில் டீசல் எஞ்சின். பணத்துக்கு அம்மாவோட நகை அடகுக்குப் போகணும். "காஸ்டிங் படிக்கிறோம்ல, உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்துருவோம்டா"ன்னான் நண்பன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குதான்.

படகே பாக்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அவுட்போர்ட்ங்கிறது படகோட பின்பலகையில மாட்டித் தொங்கவிடுற மோட்டார். எஞ்சின், கியர், காத்தாடி எல்லாம் ஒரே செட்டா இருக்கும். எடை கம்மி, வேகம் அதிகம், சத்தமும் குறைச்சல். லாங் டெயில்ங்கிறது வேற ஜாதி. பின்பக்கம் ஒரு சுழலும் தாங்கி மேல ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின் உக்காந்திருக்கும். அதுலேர்ந்து நீளமா ஒரு தண்டு தண்ணிக்குள்ள போகும், அது முனையில காத்தாடி. கையால பிடிச்சு எஞ்சினோட சேத்துத் திருப்பித்தான் ஓட்டணும். பாக்க அழகு கிடையாது. காது கிழியுற சத்தம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பத்து குதிரைத்திறன் அளவுல இருக்குற டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் முழு வேகத்துல மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதே திறன்ல டீசல் எஞ்சினுக்கு மணிக்கு 2 லிட்டர் பக்கம் போதும். "அவுட்போர்ட் சீக்கிரம் போய்ச் சேந்துருமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அதனால லாங் டெயில் 4 மணி நேரம் ஓடுற தூரத்தை அவுட்போர்ட் 3 மணி நேரத்துல முடிச்சிரும்னே வெச்சுக்குவோம். பெட்ரோல் 12 லிட்டர், டீசல் 8 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய்னு ரவுண்டா போட்டா ஒரு நடைக்கு 1200க்கும் 736க்கும் வித்தியாசம் 464 ரூபாய்.

வருஷத்துக்கு எத்தனை நடை? பாக் விரிகுடாவுல விசைப்படகுக்கு வாரத்துல 3 நாள், நாட்டுப்படகுக்கு மத்த நாள்னு ரொம்ப காலமா ஒரு ஏற்பாடு இருக்கு. அப்புறம் வாடைக்காத்து, புயல் எச்சரிக்கை, நல்லது கெட்டது எல்லாம் கழிச்சு 150 நாள்னு போட்டோம். 464ஐ 150ஆல பெருக்கினா 69,600 ரூபாய்! இதுல பதிவு பண்ணின நாட்டுப்படகுக்குக் கிடைக்கிற விற்பனை வரி இல்லாத டீசலை நான் சேக்கவே இல்ல. 2023ல அதோட அளவை வருஷத்துக்கு 4,400 லிட்டரா உயர்த்துறதா அரசு அறிவிச்சது. நம்ம கணக்குக்குத் தேவை 1,200 லிட்டர்தான். (படகு பதிவு விற்கிறவர் பேர்ல ஒழுங்கா இருக்கான்னு முதல்ல பாக்கச் சொன்னது இதுக்காகத்தான். பதிவு இல்லாட்டி இந்த டீசலும் இல்ல.)

"அப்ப லாங் டெயில்தான், கேஸ் முடிஞ்சுது"ன்னு நண்பன் நோட்டை மூடினான். அவங்க அப்பா சிரிச்சார். "தம்பி, எண்ணெய்க் கணக்கு சரி. வேகத்துக்கு ஒரு விலை இருக்குல்ல, அதை எங்க எழுதுனீங்க?"

அவர் கேட்டது சரியான கேள்வி. முதல்ல கரைக்கு வர்ற மீனுக்கு ஏலத்துல தனி மதிப்பு. வஞ்சிரம் மாதிரி மீனைத் தேடி ஆழத்துக்குப் போறவங்களுக்கு வேகம்தான் காசு. கோடியக்கரைக்கு வடக்கே நாகை பக்கம் போனா கரையிலேயே அலை அடிக்கும். அதை வெட்டிட்டு வெளிய போறதுக்கு எஞ்சின் டக்குன்னு இழுக்கணும். அங்க இருக்குறவங்க அவுட்போர்ட் வாங்கினா அவங்க கணக்கும் சரிதான்.

ஆனா மல்லிப்பட்டினம் பக்கம் கடல் வேற மாதிரி. ஆழம் கம்மி, அலை அடங்கின சேத்துக்கடல். இவங்க குடும்பம் போடுறது நண்டு வலை. சாயங்காலம் தரையில இறக்கி வெச்சிட்டு வந்து விடியக்காலம் போய் எடுக்குற வலை. வலை எங்கயும் ஓடிப்போகாது. அரை மணி நேரம் பிந்திப் போனாலும் நண்டு அங்கதான் இருக்கும் :-) வேகத்துக்கு விலை உண்டுதான், ஆனா இந்தத் தொழில்ல அந்த விலை சின்னது.

இன்னொண்ணு கடல்புல். அந்தக் கடலடி முழுக்கப் புல்வெளி. கடல் பசு மேயுற இடம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை 2022ல கடல் பசு பாதுகாப்பகமா அறிவிச்சிருக்காங்க. ஆழமில்லாத இடத்துல புல்லோ பழைய வலைத்துண்டோ காத்தாடியில சுத்திக்கிறது அடிக்கடி நடக்குற விஷயம். அவுட்போர்ட்டையும் சாய்ச்சுத் தூக்கலாம். ஆனா லாங் டெயில்ல தண்டை அப்படியே மேல தூக்கினா காத்தாடி தண்ணிக்கு வெளிய வந்துரும். போகப் போக ஆழத்துக்குத் தகுந்தபடி ஏத்தி இறக்கலாம்.

இதுக்கெல்லாம் மேல ஒரு கேள்வி. அது அம்மா கேட்டது. அடுப்படியிலேர்ந்தே கேட்டாங்க. "எது நடுக்கடல்ல நிக்காது?"

நிக்காத எஞ்சின்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. அப்பா அதைத்தான் சொன்னார். "ரெண்டும் நிக்கும். நின்னா எதை நானே எழுப்ப முடியும்னு பாக்கணும்." டீசல்ல ஸ்பார்க் பிளக்கே இல்ல. காத்தை அழுத்தி வர்ற சூட்டுலயே எரியுற எஞ்சின். உப்புத்தண்ணி தெறிச்சு கரண்ட் போச்சுங்குற பேச்சே இல்ல. ஹாண்டில் போட்டுச் சுத்தினா கிளம்பும். டீசல் குழாய்ல காத்து புகுந்தா பம்புல இருக்குற திருகைத் தளர்த்தி காத்தை வெளியேத்தத் தெரிஞ்சா போதும். இந்த இடத்துலதான் நெல்லு ஊர்க்காரனான எனக்கு வெளிச்சம் வந்துச்சு. இது எங்க வயல் பம்புசெட்டோட சொந்தக்காரன்! அதே ஒத்தை சிலிண்டர், அதே இன்ஜெக்டர், அதே ஹாண்டில். கடைமடையில தண்ணி வராத வருஷமெல்லாம் டீசல் எஞ்சின் வெச்சு இறைச்சுப் பழகின ஊருங்க. அதனால பட்டுக்கோட்டை சுத்துவட்டாரத்துல இந்த எஞ்சினைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்குக்குப் பஞ்சமே இல்ல. அவுட்போர்ட்டுக்கு ஒரு பாகம் போச்சுன்னா அது வர்ற வரைக்கும் படகு கரையில நிக்கும்.

நம்ம பாடத்துல ஃபிக்ஸட் காஸ்ட்னு ஒண்ணு படிக்கிறோமே, அதோட நிஜமான அர்த்தம் எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. படகு கரையில நிக்கிற நாள்லயும் அடகு வட்டி ஓடும். வீட்டுல அரிசி வேகணும். செகண்ட் செமஸ்டர் ஃபீஸ் கட்டணும். அப்ப ரெண்டு படகை ஒப்பிடும்போது முதல் கேள்வி "எது மலிவு"ங்கிறது இல்ல. "எது வருஷத்துல கம்மியான நாள் சும்மா நிக்கும்"ங்கிறதுதான்.

எஞ்சினை விட்டுட்டு உடம்பையும் பாத்தோம். பழைய ஃபைபரை நாணயத்தால தட்டிக்கிட்டே வரணும். டக் டக்னு கெட்டியா கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ள அடுக்கு விட்டிருக்கு. அவுட்போர்ட் படகுல எஞ்சினோட இழுவை முழுக்கப் பின்பலகைதான் தாங்குது. அதுக்குள்ள பிளைவுட் வெச்சு மேல ஃபைபர் பூசியிருப்பாங்க. ஆணி ஓட்டை வழியா தண்ணி இறங்கினா உள்ளயே உளுத்துப்போகும், வெளிய பளபளன்னு இருக்கும். மோட்டாரோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினப்ப இந்தப் பின்பலகை லேசா வளைஞ்சுது. அப்பா ஒண்ணும் சொல்லல, கையைத் துடைச்சுக்கிட்டார். 2004 சுனாமிக்கு அப்புறம் அவசர அவசரமா செஞ்சு குடுத்த ஃபைபர் படகுங்கள்ல நிறைய, பாக்க நல்லா இருந்தும் தரமில்லாம போச்சு. அதைப் பாத்த தலைமுறை அவர். 2018 நவம்பர் 16 கஜாவையும் பாத்தவர். பெயிண்ட்டை நம்ப மாட்டார்.

லாங் டெயில் படகுதான் வாங்கினாங்க. மிச்சமான காசுல ஒரு பங்கை லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒதுக்கினது அம்மாவோட தீர்ப்பு. அதுக்கு அப்பீல் கிடையாது.

இப்ப ஏழு மாசம் ஆச்சு. எண்ணெய்ச் செலவு நாங்க போட்ட கணக்கை ஒட்டியே வருது. படகு ரிப்பேர்னு நின்னது ரெண்டே நாள். ஆனா எங்க செலவுத்தாள்ல ஒரு வரி விட்டுப் போயிருக்குன்னு போன வாரம் நண்பன் சொன்னான். அப்பாவுக்கு இப்பல்லாம் ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் காது கேக்குதாம். அதிர்வுல வலது தோள்பட்டை ராத்திரி வலிக்குதாம். கேட்டா "எல்லா எஞ்சினுக்கும் ஏதாவது குடுக்கணும்டா"ன்னு சொல்றாராம். அதை எந்தத் தலைப்புல எழுதுறதுன்னு எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரல. இப்போதைக்கு காதுல வைக்கிற அடைப்பானும், கைப்பிடியில சுத்த ரப்பரும் வாங்கிக் குடுத்திருக்கான். லீவு நாள்ல அவனே போய் ஓட்டுறான்.

உங்க வீட்டுலயும் டிராக்டரோ பவர் டில்லரோ படகோ, ரெண்டு ஒரே அளவுல வந்து நின்னா, விலை, எண்ணெய், நிக்கிற நாள் மூணையும் எழுதுங்க. நாலாவதா அதை ஓட்டப்போற ஆளோட உடம்பையும் எழுதிக்கோங்க. நாங்க போட்ட செலவுத்தாள் மாதிரி வேணும்கிறவங்க கேளுங்க, தர்றேன்.