படகின் வாலும் தொழிலாளியின் விரலும்

கரை சேர்வது என்ற தொடரை எமது மக்கள் பல பொருளில் வழங்குகின்றனர். மகளுக்கு மணம் முடித்து வைத்தவர் அவளைக் கரையேற்றிவிட்டவராகிறார். கடன் தீர்ந்தவன் கரையேறியவன். பக்தனுக்கோ பிறவியே கடல். இறைவன் திருவடியே கரை. துன்பம் எல்லாம் நடுக்கடலில், இன்பம் எல்லாம் கரையில் என்பதே இவ்வழக்குகள் அனைத்துக்கும் அடிப்படை. ஆனால், கடலிலே தொழில் செய்து வயிறு வளர்ப்பவனிடம் கேட்டால் இதனை அவன் முழுவதும் ஒப்பமாட்டான். நடுக்கடலில் படகுக்கு இடம் தாராளம். கரையை நெருங்கும் கடைசி இருபது முழத்திலேதான் கை போகிறது, கால் போகிறது, சில வேளை உயிரும் போகிறது.

வத்தளையில் வாழும் எமக்கு இந்த இருபது முழத்தின் வரலாறு அந்நியமானதன்று. களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில், தென்கரையில் மட்டக்குளியும் வடகரையில் எமது ஊரும் அமைந்துள்ளன. 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் திறக்கப்படும் வரை, இவ்வாற்றைக் கடந்தவர்கள் கிராண்ட்பாஸில் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலத்தின்மீதே நடந்தனர். எமது வீடுகளுக்கு மேற்கே, நீர்கொழும்பை நோக்கி ஹமில்ரன் கால்வாய் ஓடுகிறது. ஆங்கிலேயர் அதனை 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தனர். நாட்டின் உட்பகுதி விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுவருவதும், முத்துராஜவெல வயல்களிலிருந்து உப்புநீரை வடியச்செய்வதும் அதன் நோக்கங்கள். முதல் நோக்கம் நிறைவேறிற்று. இரண்டாவது நிறைவேறவில்லை, மன்னர்காலத்து நெல்வயல்கள் மீளவும் வயல்களாகவில்லை. வணிகனின் பண்டம் கரைசேர்ந்தது. உழவனின் நெல் கரைசேரவில்லை.

அக்கால்வாயில் சென்ற தட்டையான அடிப்பாகமுள்ள கூரைப் படகுகளுக்கு இயந்திரம் ஏது? மனிதன் கோலூன்றித் தள்ளினான். கரையில் நடந்து கயிற்றால் இழுத்தான். படகின் முன்புறமாகிய அணியம் திரும்பவேண்டுமானால் ஒருவன் அணியத்தில் நின்று கோலூன்றினான். பின்புறமாகிய அமரம் கரையோடு ஒட்டவேண்டுமானால் மற்றொருவன் அமரத்தில் நின்று ஊன்றினான். இன்று பெரும் பொருட்செலவில் இயந்திரம் செய்கின்ற வேலையை அன்று இரண்டு மனிதர்களின் தோள்கள் செய்தன என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

கொழும்புத் துறைமுகத்தின் கதையும் இதுவே. தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பத்து ஆண்டுகளில் அது எழுந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் கப்பல்கள் நடுத்துறையில் நங்கூரமிட்டு நிற்க, தொழிலாளரே தட்டைப் படகுகளிற் சென்று பண்டங்களை ஏற்றி இறக்கினர். 1927இல் அத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், துறைமுகம் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனதன்று, கைகளால் ஆனது என்ற உண்மை கொழும்பு நகருக்குப் புலனாயிற்று. 1958இல் சரக்குக் கையாளும் தொழில் அரசுடைமையாயிற்று. பின்னர் கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் வந்தன. இன்று 400 மீற்றர் நீளமான கப்பல்களை இழுவைப் படகுகளும் கப்பலின் பக்கவாட்டு விசிறிகளும் மெல்லத் தள்ளிக் கரையோடு அணைக்கின்றன. பெருமுதலின் பண்டம் கரைசேர்வதற்கு விஞ்ஞானம் தன் முழு வலிமையையும் தந்துள்ளது. சிறு படகுக்கு அது என்ன தந்தது என்பதே எமது கேள்வி.

படகைக் கரை அணைப்பது ஏன் கடினமாகிறது? மோட்டர் வண்டி ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்பினால் வண்டியின் முன்பாகம் திரும்புகிறது. படகு அவ்வாறன்று. சுக்கான் படகின் தலையைத் திருப்புவதில்லை. வாலைத்தான் எதிர்ப்புறம் தள்ளுகிறது. அதுவும் சுக்கானின்மீது நீர் பாயும்போது மட்டுமே. கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கவேண்டும். வேகம் குறைந்தால் சுக்கானுக்கு உயிரில்லை. கட்டுப்பாடு மிக வேண்டிய நேரத்திலேயே கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது. மேலும், ஒற்றை விசிறியுள்ள படகு பின்னோக்கிச் செல்லும்போது நேராகச் செல்வதில்லை. விசிறி வலஞ்சுழியாக அமைந்திருந்தால் அமரம் இடப்புறம் ஒதுங்கும். காற்று அதற்கு எதிராக வீசினால் ஓட்டுநரின் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். எமது கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவே. அதனால் பெருந்தொல்லை இல்லை. தொல்லை தருவன தென்மேற்குப் பருவக்காற்றும் கடலின் ஏற்றமும், மழைக்காலத்தில் களனியின் வேகமுமே.

வெளியிணைப்பு மோட்டர் பூட்டிய சிறு வள்ளங்களுக்கு இச்சிக்கல் குறைவு. மோட்டரையே திருப்பலாமாகையால் அதன் தள்ளுவிசையும் உடன் திரும்புகிறது. உள்ளிணைப்பு டீசல் இயந்திரமும் ஒற்றை விசிறியும் கொண்ட படகுகளே அல்லற்படுகின்றன. 1950களின் இறுதியில் இந்நாட்டு மீன்பிடித் தொழில் இயந்திரமயமானபோது பரவிய 28 அடி மூன்றரைத் தொன் படகுகள் இவ்வகையின. அவற்றின் வழிவந்த பெரும் பலநாட் கலங்களை இன்று வத்தளைப் பகுதியிலேயே திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தில் அணிவகுத்து நிற்கக் காணலாம்.

எமது அயலில் உள்ள ஒரு கடற்றொழிலாளர் குடும்பத்திடம் அப்பழைய வகையிலே ஒரு பைபர் படகு உண்டு. வலையும் பனிக்கட்டியும் ஏறிய நிலையில் அது ஏறத்தாழ ஐந்து தொன் நிறையுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இறங்குதுறையில் காற்று மிகுந்த அதிகாலையொன்றில், அப்படகில் வேலை செய்த இளைஞன் கயிற்றோடு கரைக்குத் தாவினான். அமரம் வேறுபக்கம் விலகி மீண்டும் வந்து மோதியது. படகைத் தடுக்கக் கையை நீட்டினான். இரண்டு விரல்கள் போயின. துறையின் விளிம்பில் பழைய ரயர்கள் கட்டப்பட்டிருக்கவில்லை, விளக்கும் எரியவில்லை. இழப்பீடு என்று எவரும் எதுவும் தரவில்லை. அவன் பள்ளியில் எமது நண்பர் ஒருவரிடம் கணக்குப் படித்தவன்.

அக்கணக்கை நாமும் போட்டுப் பார்த்தோம். ஐந்து தொன் நிறை, வினாடிக்கு அரை மீற்றர் வேகம். குழந்தையின் நடையிலும் குறைவு. இதன் இயக்கச் சக்தி 625 யூல். அதனை ஐந்து சென்ரிமீற்றர் தூரத்துள் நிறுத்தவேண்டுமானால் வேண்டிய விசை 12,500 நியூற்றன். அதாவது ஒன்றேகால் தொன்னுக்கும் சற்று மேல். மெதுவாக வரும் படகு என்று கண் சொல்கிறது. ஒன்றேகால் தொன் என்று எலும்பு சொல்கிறது. பௌதிகவியலைப் பரீட்சைக்காகப் படிப்பிக்கும் எம்மவர் எத்தனை பேர் இவ்வுதாரணத்தை வகுப்பில் கூறியிருப்போம்?

அவ்விளைஞன் பின்னர் தொழிலுக்குத் திரும்பினான். வேறு தொழில் இல்லை. படகின் பெரியவருக்கோ வயது ஏறிற்று. மற்றப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டனர். இருவரே கடலுக்குச் செல்லும் நிலை. இந்நிலையிலேதான், கைவிடப்பட்ட உல்லாசப் படகொன்றிலிருந்து கழற்றிய பழைய பின்புற உந்தியொன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. தொழிலாளர் அதனைத் 'திரஸ்டர்' என்றே அழைக்கின்றனர். விளக்கத்தின் பொருட்டு நாம் அதனைப் பக்கவுந்தி என்போம். போயா விடுமுறை நாட்களில் கூடிக் கைகொடுத்த ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் அதனைப் பொருத்தும் வேலையிற் பங்குகொண்டோம்.

அதன் அமைப்பு எளிது. அமரத்தின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, படகுக்குக் குறுக்காக ஒரு குட்டைக் குழாய். அதனுள் ஒரு சிறு விசிறி. படகின் உட்புறத்தில் ஒரு மின்மோட்டர். ஓட்டுநர் அருகில் இடம், வலம் என ஒரு சிறு பிடி. பிடியை இடப்புறம் சாய்த்தால் அமரம் இடப்புறம் ஒதுங்கும். படகு முன்செல்லவும் வேண்டியதில்லை, பின்செல்லவும் வேண்டியதில்லை. அணியத்தைக் கயிற்றாற் பிணைத்துவிட்டால் வாலை இது தானே கொண்டுவந்து சேர்க்கும்.

எளிய அமைப்பாயினும் வேலை எளிதன்று. படகைக் கரையேற்றி, பாசியும் பழைய நிறப்பூச்சும் சுரண்டி, பைபரின் வெறும் மேனி தெரியும்வரை தேய்க்கவேண்டும். குழாய் போதிய ஆழத்தில் அமையவேண்டும். மேலே அமைந்தால் விசிறி காற்றைக் குடித்து, நீரைத் தள்ளாமல் இரையும். சுக்கான் நடுவில் இருந்தமையால் எமது படகில் குழாயைச் சற்று ஒருபுறமாக ஒதுக்கி வைக்க நேர்ந்தது. துளையைச் சுற்றிப் பைபர்த் துணியும் றெசினும் படை படையாக இட்டு அடைத்தனர். மின்வேலை அதனினும் கவனமானது. 12 வோல்ற்றில் 300 அம்பியர் ஓடுமானால் 3,600 வாற்று. ஏறத்தாழ ஐந்து குதிரைவலு. பத்து வாற்று மின்குமிழ்கள் 360 ஒரே வேளையில் எரிவதற்கு ஒப்பானது. மெல்லிய கம்பி இதற்குத் தாங்காது, தீப்பற்றும். ஆகவே மோட்டருக்கு அருகிலேயே தனிப் பற்றரி, பெருவிரற் பருமனான கம்பி, உருகி, முழு மின்னையும் துண்டிக்கும் ஆளி ஆகியன வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் மோட்டர் சூடேறி நின்றுவிடும். உப்புநீர் உலோகத்தை அரிக்காதிருக்க ஒரு நாகத்துண்டையும் பொருத்தினோம். அது தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றவற்றைக் காக்கும். எமது சமுதாயத்தில் அப்பணியைச் செய்வோர் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

கருவியை வியந்து அதன் எல்லையை மறப்பது விஞ்ஞான மனப்பான்மை ஆகாது. இத்தகைய சிறு பக்கவுந்தியின் தள்ளுவிசை ஏறத்தாழ 50 கிலோ நிறைக்குச் சமம். அதாவது இரண்டு மனிதர் சேர்ந்து தள்ளுவது போன்றது. வினாடிக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் வீசும் காற்று, பதினைந்து சதுரமீற்றர் பரப்புள்ள படகின் விலாவை ஏறத்தாழ 23 கிலோ விசையால் தள்ளும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். 90 கிலோவைத் தாண்டும். அப்போது உந்தி தனித்து நின்று வெல்லமாட்டாது. கால்வாயின் ஆகாயத்தாமரையும் அறுந்த நைலோன் வலையும் விசிறியிற் சிக்கினாலும் அது நின்றுவிடும். எனவே பழைய வித்தையை மறக்கக்கூடாது என்றார் பெரியவர். அணியத்துக்கு அருகிலிருந்து கயிறொன்றைப் பின்னோக்கித் துறையின் குற்றியிற் கட்டி, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்புறம் திருப்பி, இயந்திரத்தை மெல்ல முன்னோக்கி ஓட்டினால், முன்செல்ல முடியாத படகு தன் வாலைத் தானே கரைக்குக் கொண்டுவரும். இதற்குச் செலவு ஒரு கயிறு மட்டுமே. ஆனால் துறையில் உறுதியான குற்றி இருக்கவேண்டும். அதுவும் இல்லாத துறைகளை நாம் கண்டோம்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது மற்றொரு கேள்வி எழுந்தது. வரும் படகுகளின் கயிற்றை வாங்கிக் கட்டி, சிறு கூலியும் கொஞ்சம் மீனும் பெற்று வாழ்பவர் ஒருவர் அத்துறையில் இருக்கிறார். பொறி வந்தால் அவர் பிழைப்புக்கு என்ன வழி? எம்முள் ஒருவர் இதனை அவரிடமே கேட்டார். "மாஸ்டர், கயிறு பிடிக்க ஆள் எப்பவும் வேணும். படகுக்கும் கல்லுக்கும் நடுவில விரலக் குடுக்கத்தான் ஆள் வேண்டாம்" என்றார் அவர்.

பொறியைப் பற்றிய நீண்ட விவாதங்கள் பலவற்றைப் படித்திருக்கிறோம். அவற்றில் இத்தெளிவு அரிது. பொறி தொழிலாளியின் பகைவனன்று. ஆனால் அது தானாகவே அவனுக்கு நண்பனாவதும் இல்லை. கொள்கலன்கள் வந்தபோது துறைமுகத்திலே சுமைதூக்கியவனின் முதுகு நிமிர்ந்தது. பலருடைய வேலையும் உடன் போயிற்று. எது அவனுக்குக் கிடைப்பது, எது அவனிடமிருந்து பறிபோவது என்பதை மோட்டர் தீர்மானிப்பதில்லை. மோட்டர் யாருக்கு உரியது என்பதே தீர்மானிக்கிறது. பக்கவுந்தி உல்லாசப் படகுகளிலே பல ஆண்டுகளாக உள்ளது. வார இறுதியில் கடலுலாச் செல்பவரின் வெள்ளைப் படகு கல்லில் உரசாதிருக்க அது பயன்படுகிறது. நாள்தோறும் கடலுக்குச் செல்பவனின் படகிலோ ஓர் இளைஞனின் உடலே உந்தியாக நிற்கிறது. உடல் மலிவாகக் கிடைக்கும்வரை உந்தி விலையுயர்ந்ததாகவே தோன்றும்.

பெருங்கப்பல்களிலும் இவ்வுண்மை மாறுவதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி, அமெரிக்காவின் பால்ரிமோர் துறையிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்னும் கொள்கலன் கப்பல் மின்சாரத்தை இழந்து பாலத்தூணில் மோதிற்று. அதன் அணியத்திலும் பல ஆயிரம் குதிரைவலுவுள்ள பக்கவுந்தி இருந்தது. மின்சாரம் இன்றி அது வெறும் இரும்பு. மின்சாரம் இருந்திருந்தாலும் கப்பல் சென்ற வேகத்தில் அதனால் அதிக பயன் விளைந்திராது. பாலம் வீழ்ந்தது. இறந்தவர் அறுவர். நள்ளிரவில் பாலத்தின்மீது வீதிக் குழிகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த அவர்கள், மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் பிழைப்புக்கு வந்த தொழிலாளர்கள். கப்பலின் மாலுமிகளிற் பெரும்பாலோர் இந்தியர். ஒருவர் எமது நாட்டவர். எமது ஊர்த் துறைக்கு வரவிருந்த பண்டத்தின் பாதையில் எவருடைய உடல்கள் நின்றன என்பதை அவ்விரவு காட்டிற்று.

எமது அயலவரின் படகு இப்போது அமைதியாகக் கரை அணைகிறது. இளைஞன் தாவுவதில்லை, படகு துறையைத் தொட்டபின் காலெடுத்து வைக்கிறான். மகிழ்ச்சியே. எனினும் ஒரு படகுக்குப் பழைய உந்தி கிடைத்தது தற்செயல்; தற்செயலை நம்பி ஒரு தொழில் முழுவதும் வாழ முடியாது. ஒவ்வோர் இறங்குதுறையிலும் விளிம்பு நெடுக றப்பர்த் தடுப்புகளும், உறுதியான குற்றிகளும், ஏணியும், எரிகின்ற விளக்கும் வேண்டும். இவற்றுக்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. பக்கவுந்தி போன்ற கருவிகளைக் குறைந்த விலையில் உள்நாட்டிலேயே செய்யத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் கற்கலாம். கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றை வாங்கித் தவணைக்குக் கொடுக்கலாம். விபத்தில் விரலிழந்தவனுக்கு இழப்பீடு என்பது கருணையாக அன்றிச் சட்டமாக வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள துறைக்கு ஒருமுறை அதிகாலையிற் சென்று நில்லுங்கள். குற்றிகளை எண்ணுங்கள், விளக்குகளை எண்ணுங்கள், கயிறு பிடிக்கும் கைகளில் விரல்களையும் எண்ணுங்கள். அக்கணக்கை எழுதி, கையொப்பம் திரட்டி, உரிய அதிகாரிகளின் மேசைமீது வையுங்கள். அவர்கள் விடை தரும்வரை மீண்டும் மீண்டும் வையுங்கள்.