அரிக்குதா, வலிக்குதா?

கண் வீங்கி எழுந்தால் அப்பாயி கேட்பது ஒரே கேள்விதான். "அரிக்குதா, வலிக்குதா?" அரிக்கிறது என்றால் கொல்லைப் பக்கம் போவாள். வலிக்கிறது என்றால் அடுப்படிக்கு.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தை மாதம் சம்பா அறுத்துக் களத்தில் தூற்றும் நாள்களில், நெல் சுணை பட்டு வீட்டில் பாதிப் பேருக்கு இமை உப்பிக்கிடக்கும். கிணற்றடியை ஒட்டி ஓர் அடுக்கு நந்தியாவட்டை நின்றது. அந்திக்கே பூப் பறித்து, காம்பைக் கிள்ளி, வடியும் பாலை இரண்டு தண்ணீரில் அலசிவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுத் திண்ணையில் வைப்பாள். பால் கண்ணில் பட்டால் எரியும் என்பதில் அவளுக்கு அத்தனை கவனம். விடிந்ததும் எங்களை வரிசையாகப் படுக்கவைத்து, மூடிய இமை மேல் இரண்டிரண்டு பூ. பனி ஏறிய அந்தக் குளிர்ச்சி நெற்றி வரைக்கும் போகும். சித்திரை வெயிலில் பூவுக்குப் பதில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணி. வேட்டி எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது என்பாள். சலவை கண்டு கண்டு நைந்த துணிதான் இமைக்கு உறுத்தாது.

வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் கண்கட்டி. அதற்குக் குளிர்ச்சி ஆகாது. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, பத்து நிமிஷம் ஒற்றுவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. கட்டியை மட்டும் கிள்ளவிடமாட்டாள். விளையாட்டில் கண்ணில் இடித்துக்கொண்டு ஓடிவந்தால் வெந்நீர் வைக்கவும் நேரமிருக்காது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டோடு கண்ணில் அழுத்துவாள். வெற்றிலை வாசம் கலந்த அந்தச் சூட்டை இந்த வயதிலும் என் இமை மறக்கவில்லை.

உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அதற்கடியில் இருப்பதும் தளர்ந்த சதை. ராத்திரி முழுக்கப் படுத்துக்கிடக்கும்போது நீர் அங்கே எளிதாகத் தேங்கிவிடும். எழுந்து நடமாடினால் தானே வடியும். முந்தின ராத்திரி கருவாட்டுக் குழம்பென்றால் உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கும். குளிர்ச்சி ரத்தக் குழாயைச் சுருக்கும். சூடு, கட்டியில் அடைத்திருக்கும் கொழுப்பை இளக்கும். இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாயிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

1979 மழைக்காலத்தில் ஒரு காலை, ஆறு வயசுத் தம்பி இரண்டு இமையும் பணியாரம் போல வீங்கி எழுந்தான். "அரிக்குதா?" இல்லை. "வலிக்குதா?" இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அப்பாயி பூப் பறிக்கப் போகவில்லை. அவனை மடியில் இழுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது கண்ணு வீக்கம் இல்லடா. நீர் வீக்கம். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றாள் அப்பாவிடம்.

அங்கே அவன் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுடவைத்தார்களாம். முட்டை வெள்ளைக்கரு போல அது திரண்டதை அம்மா கண்ணால் பார்த்தாள். சிறுநீரகம் வடிகட்டாமல் புரதத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. உப்பில்லாச் சோறும் மாத்திரையுமாகப் பல வாரம் கழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க அம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். அவள் இமை இரண்டும் சிவந்து தடித்திருந்தன. அப்பாயி அன்று எதுவும் கேட்கவில்லை. மண்பானையில் துணியை நனைத்துப் பிழிந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, தம்பியின் சட்டைகளை மடிக்க உட்கார்ந்தாள்.

தம்பி பிழைத்தான். ஐம்பது தாண்டிவிட்டான்.

அப்பாயி இல்லை. கிணறு தூர்ந்து, நந்தியாவட்டை இருந்த இடத்தில் மோட்டார் கொட்டகை நிற்கிறது. சென்னையிலிருக்கும் என் மகள் ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்பூனை இமையில் ஒற்றிக்கொள்கிறாள். பிழிந்து ஆறவைத்த டீத்தூள் பையும் வைக்கிறாள். இரண்டும் நல்ல வைத்தியம்தான். ஆனால் அவள் போன் செய்யும்போதெல்லாம் அந்தப் பழைய கேள்வி என் வாயில் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு இமையும் வீங்கி எழுந்து, அரிப்பும் இல்லை, வலியும் இல்லை என்று சொன்னால், மறுநாளும் அப்படியே இருந்தால், பூவையும் துணியையும் தேடாதீர்கள். காலை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தாலும் விழாவிட்டாலும் அன்றைக்கே கூட்டிப்போய்ச் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள்.