அன்பு என்ற சொல் இல்லாத 12 வரிகள்



போன வாரம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கவிதையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஷேக்ஸ்பியர் எழுதிய 154 சானட்டுகளில் இது 73ஆவது. சானட் என்றால் 14 வரிக் கவிதை. 1609இல் புத்தகமாக வந்ததாம். "இது அன்பைப் பத்தின கவிதை" என்றார் டீச்சர். நான் தேடித் தேடிப் பார்த்தேன். முதல் 12 வரியில் அன்பு என்ற சொல்லே இல்லை! எழுந்து கேட்டுவிட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "ஒவ்வொரு படமாப் பாரு" என்றார்.

முதல் படம் மரம். மஞ்சள் இலை ஒன்றிரண்டுதான் மிச்சம். கிளைகள் குளிரில் ஆடுகின்றன. பாடின பறவைகள் போய்விட்டன. "என் வயசும் இப்படித்தான்" என்று தன் அன்புக்குரியவரிடம் கவிஞர் சொல்கிறார். எனக்கு இதில் சோகமே தெரியல. நம்ம ஊர் வேப்பமரம் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு உடனே துளிர்த்திடுமே! ஆனால் இங்கிலாந்தில் பல மரங்கள் குளிர்காலம் முழுக்க மொட்டையாகவே நிற்குமாம். அப்புறம்தான் புரிந்தது.

இரண்டாவது படம் அந்தி. சூரியன் மறைந்த பிறகு மேற்கில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் இருட்டு எடுத்துக்கொண்டு போகிறது.

மூன்றாவது படம் நெருப்பு. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் விறகடுப்புதான். எந்த விறகைத் தின்று எரிந்ததோ, அந்த விறகின் சாம்பலே கடைசியில் கங்கை மூடிவிடும்.

"மரத்துக்குச் சில மாசம் இருக்கு. அந்திக்குக் கொஞ்ச நேரம். கங்குக்கு அதைவிடக் கொஞ்சம். நேரம் குறைஞ்சுகிட்டே வருது பாத்தியா?" என்றார் டீச்சர். கடைசி இரண்டு வரியில்தான் அன்பு வருகிறது. இதையெல்லாம் பார்க்கிறதனால்தான் உன் அன்பு அதிகமாகுது, பிரியப் போறதைத்தான் நல்லா நேசிக்கணும் என்று முடிக்கிறார்.

எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. தினமும் பொழுது சாயும்போது திண்ணையில் இருந்து, "செத்த வந்து உக்காருத்தா" என்று கூப்பிடும். நான், "படிக்கணும் அப்பத்தா, சும்மா சும்மா கூப்பிடாத" என்று கத்துவேன். முந்தாநாள்கூடக் கத்தினேன். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தது. அந்த வகுப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன். மேற்கே வெளிச்சம் போய்க்கொண்டு இருந்தது. கவிதையை அப்பத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். சாம்பல் கங்கை மூடுகிற இடம் வந்ததும் அப்பத்தா சிரித்தது.

"அவருக்கு அடுப்பு தெரியலத்தா. ராத்திரி சாம்பலைப் போட்டு மூடினாத்தான் கங்கு விடியிற வரைக்கும் இருக்கும். காலைல பக்கத்துல உக்காந்து ஊதினா பத்திக்கும்."

இதை டீச்சரிடம் சொன்னேன். "உங்க அப்பத்தா சொன்னதையும் எழுது" என்றார். அதனால்தான் எழுதினேன். இப்போது வீட்டுப்பாடத்தைத் திண்ணையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி