மற்ற சார் இனிமே வரமாட்டாரா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, திடலில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், மற்ற சார் இனிமே வரமாட்டாரா?"

"வேலை மாறிட்டாரும்மா."

"இதுதானே அவர் வேலை?"

எனக்குப் பதில் வரவில்லை.

அவரும் நானும் பதினொரு வருடம் சேர்ந்து ஜார்ஜ்டவுனில் திடல்தடப் பயிற்சி கொடுத்தவர்கள். இப்போது அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். என்னைவிட நல்ல கோச். தடை ஓட்டத்தில் பையன் எந்தக் காலை முதலில் தூக்குகிறான் என்று திடலின் மறுகோடியில் நின்றே சொல்லிவிடுவார்.

பணத்துக்காகப் போனார் என்றால் அது பாதி உண்மைதான். எங்களுக்கு மணிக்கணக்கில் அலவன்ஸ். மழை பெய்தால் பயிற்சி இல்லை, அலவன்ஸும் இல்லை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதி கிடையாது, சொக்சோவும் கிடையாது. ஒருமுறை கணுக்கால் பிசகி ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். பயிற்சிக்கு அமர்த்திய சங்கத்திலிருந்து ஒரே ஒரு அழைப்பு வந்தது, சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க. அன்றைக்கே அவர் மனம் விட்டுப்போயிற்று என்பது என் கணிப்பு.

பெரிய இடத்திலும் இந்த வேலை நிலையில்லாததுதான். 2010 டிசம்பரில் நம்ம கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா முதன்முறையாக சுசுகி கிண்ணத்தை வென்றது. புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தி, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2. அந்த 31ஆம் தேதி நாட்டுக்கே பொது விடுமுறை! மூன்றே வருடம், 2013 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. தோற்றால் கோச் போவது உலக வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. அவர் போனது செய்தியாகவாவது வந்தது. எங்கள் திடலில் ஒருவர் நின்றுபோனது அந்தச் சின்னப் பெண்ணுக்குத்தான் தெரிந்தது.

நம் ஊர் நிக்கோல் டேவிட்டையும் நினைத்துப் பாருங்கள். எட்டு உலகப் பட்டம். ஆம்ஸ்டர்டாமில் லிஸ் இர்விங் என்ற ஒரே பயிற்றுநரிடம் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். எங்கள் பிள்ளைகளோ ஒரு கோச்சின் குரலுக்குப் பழகி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். கூச்சப்படும் பிள்ளை, அடிபட்டதை மறைக்கும் பிள்ளை, பசியாறாமல் வரும் பிள்ளை, எல்லாரையும் புதியவர் முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் பெரிய சம்பளம் கேட்கவில்லை. மழை நாளுக்கும் பாதிக் கூலி, சேமநிதிக்கு மாதச் சந்தா, காயம்பட்டால் ஒரு விசாரிப்பு. இவ்வளவு கிடைத்திருந்தால் அவர் இங்கேதான் இருந்திருப்பார்.

போன வாரம் இரவு வேலை முடிந்து, தூங்காத கண்ணோடு திடலுக்கு வந்தார். கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம். வேலியோரம் நின்று சற்று நேரம் பார்த்தவர், "அந்தப் பையன் இன்னும் இடது காலைத்தான் தூக்குறான்" என்றார். கிளம்பும்போது மடித்த காகிதம் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தார். அவர் தொழிற்சாலையின் வேலை விண்ணப்பப் பாரம்.

வீட்டில் மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம்.