சுவரை உயர்த்துவதற்கு முன்



வீட்டில் பெரிய நாய் வளர்க்கிறவர்கள் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நாய் மதில் தாண்டி ஓடிவிடுகிறது, சுவரை இன்னும் எத்தனை அடி உயர்த்த வேண்டும்?" கேள்வி நியாயமானதே. தெருவுக்கு ஓடுகிற நாய் ஒரு லாரியில் அடிபடலாம். பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளையைத் தள்ளி வீழ்த்தவும் செய்யலாம். எது நேர்ந்தாலும் துக்கம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆகையால் இந்த வாரம் சுவரைக் குறித்துப் பேசுவோம். அதற்கு முன்பாக வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்: உங்கள் நாய் ஏன் போகிறது?

எங்கள் வீட்டில் இருப்பது ராஜபாளையம் நாய். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். பால்வெண்மையான குட்டை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்குரியது. வளர்ந்த கடுவன் நாய் தோள்மட்டத்தில் ஏறக்குறைய 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டு வந்த இனமாகையால் ஓட்டம் அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. நம் வீட்டு மதில்களோ பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து அடி. அவை எல்லையைக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. இத்தகைய நாயை நிறுத்துவதற்காக அல்ல. இன்னொன்றையும் மறவாதிருங்கள். இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாய் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாய் சாலையில் நிற்கும்போது, பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் அதன் காதில் விழுவதே இல்லை.

எங்கள் சீசர் மூன்று வயதில் எங்களிடம் வந்தான். அவனை வளர்த்த குடும்பத்தார் பணி மாற்றலாகி வெளிமாநிலம் போகும்போது, "இவன் வீட்டில் தங்காத நாய்" என்று சொல்லியே ஒப்படைத்தார்கள். அந்தச் சொல் மெய்யாயிற்று. முதல் இரண்டு மாதங்களில் ஏழு முறை அவன் வெளியே போனான். ஒவ்வொரு முறையும் நாளையும் வேளையையும் என் மனைவி நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்தாள். பிறகு இருவரும் அமர்ந்து அந்தக் குறிப்புகளைப் பார்த்தோம். நான்கு முறை வீட்டில் ஒருவரும் இல்லை. அவற்றுள் மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகள், நாங்கள் ஆராதனையில் இருந்த வேளை. இரண்டு முறை பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வேட்டு போட்டார்கள். ஒரு முறை எரிவாயு உருளை கொண்டுவந்தவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். மதிலின் உயரம் எல்லா நாளும் ஒன்றாகத்தான் இருந்தது. தனிமை, பயம், திறந்த கேட் என்று காரணங்கள் மட்டுமே வேறுபட்டன. நீங்களும் இப்படிக் குறித்துப் பாருங்கள். ஒரு மாதத்திற்குள் உங்கள் நாயே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

இனி சுவருக்கு வருவோம். நாய் வெளியேற நான்கு வழிகள் உண்டு: மேலே, கீழே, இடையே, கேட்டின் வழியே. மேலே ஏறுவதைத் தடுக்க முதலில் ஏணிகளை அகற்றுங்கள். மதிலை ஒட்டிக் கிடக்கும் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, அடுக்கிய செங்கல், விறகு ஆகியவை நாய்க்குப் படிக்கட்டுகள். எங்கள் ஐந்தடி மதிலின்மேல் இரண்டடிக் கம்பிவலையை உட்பக்கமாகச் சாய்த்துப் பொருத்தினோம். மேல்நோக்கித் தாவுகிறவனுக்கு அது தலைக்கு மேல் கூரைபோல் நிற்கிறது. சில வீடுகளில் மதிலின் உச்சியில் கம்பி இழுத்து, அதில் பிளாஸ்டிக் குழாயைக் கோத்துவிடுகிறார்கள். முன்னங்கால் பட்டவுடன் குழாய் உருளும், பிடி கிடைக்காது. கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்க வேண்டாம். தாவும் நாய் அவற்றைக் காண்பதில்லை. வயிறும் பாதமும் கிழிந்த பின்னரே உணர்கிறது.

கீழே தோண்டுகிற நாயாக இருந்தால், வேலியின் அடியிலிருந்து உட்புறமாக இரண்டடி அகலத்திற்குக் கம்பிவலையைத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடுங்கள். நாய் எப்போதும் வேலியை ஒட்டியே தோண்டும். வலை நகத்தில் தட்டினால் விட்டுவிடும். கம்பி கேட்டாக இருந்தால் கீழ்ப்பாதியைத் தகட்டால் மறையுங்கள். தெருவில் போகிற பூனையைக் காணாத நாய்க்கு அதைத் துரத்தும் ஆசை அத்தனை எளிதில் எழாது. இடமிருந்தால் கேட்டுக்கு உள்ளே இன்னொரு சிறு கேட்டும் வையுங்கள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றொன்றைத் திறப்பது என்பதை வீட்டார் அனைவரும் பழகிக்கொள்ள வேண்டும். கிறிஸ்மஸ் கீத பவனி நள்ளிரவில் வீட்டுக்கு வரும்போது, முப்பது பேருக்காகத் திறக்கிற கேட்டில் நாயை யார் கவனிப்பார்?

"இவ்வளவு எதற்கு, சங்கிலியில் கட்டிவிடலாமே" என்று நீங்கள் எண்ணலாம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நாள் முழுவதும் கட்டுண்டு கிடக்கும் நாய் அமைதி அடைவதில்லை. அவிழ்ந்த நாளில் அது இன்னும் வேகமாக ஓடும்.

ஆகவே காரணத்திற்குத் திரும்புவோம். தனிமைக்காக ஓடுகிறவனுக்கு வேலை கொடுங்கள். நாங்கள் ஞாயிறு அதிகாலையில் சீசரை ஒரு மணி நேரம் நடத்திச் செல்கிறோம். வழியில் அவன் விரும்பிய இடமெல்லாம் நின்று மோப்பம் பிடிக்க விடுகிறோம். ஆலயத்திற்குப் புறப்படும்முன் அவனுடைய உணவில் ஒரு பங்கைத் தோட்டத்தில் ஆங்காங்கே மறைத்து வைக்கிறோம். நாங்கள் திரும்பும்போது வேப்பமரத்தடியில் உறங்கிக்கொண்டிருக்கிறான். பயந்து ஓடுகிறவனுக்கு அடைக்கலம் கொடுங்கள். தீபாவளி நாட்களிலும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின் போதும் நாய் தோட்டத்தில் இருக்கவே கூடாது. இருட்டுமுன் உள் அறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுங்கள்; கூடுமானால் வீட்டார் ஒருவர் உடன் தங்குங்கள். பெட்டையைத் தேடிப் போகிற கடுவனாக இருந்தால் கருத்தடை அறுவை சிகிச்சையைக் குறித்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பல நாய்களில் சுற்றித் திரிகிற வழக்கம் அதனால் குறைகிறது.

திரும்பி வந்த நாயை ஒருபோதும் அடியாதீர்கள். ஒரு மணி நேரத்திற்கு முன் மதில் தாண்டியதற்கான தண்டனை இது என்று அதற்கு விளங்காது. வீட்டுக்கு வந்தால் அடி விழும் என்பது மட்டுமே விளங்கும். அடுத்த முறை அது தெருமுனையில் நின்று உங்களைப் பார்க்கும், கிட்டே வராது. தூரத்தில் வருகிற மகனைக் கண்டு ஓடிச்சென்று தழுவிக்கொண்ட தகப்பனின் உவமையை நீங்கள் அறிவீர்கள். அந்த வீட்டு வாசல் மகன் அஞ்சாமல் திரும்பக்கூடிய வாசலாக இருந்தது. உங்கள் வாசலும் நாய்க்கு அப்படியே இருக்கட்டும்.

அயலாரை மறவாதீர்கள். தன் விலங்கினால் பிறருடைய உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு கூறுகிறது. ரேபிஸ் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். உங்கள் நாய் யாரையேனும் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அவரை நீங்களே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சீசர் வெளியே போய் ஒரு வருடத்திற்கு மேலாகிறது. அதற்காக அவன் மாறிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். மதிலின்மேல் அணில் ஓடும்போது அவனுடைய காதுகள் இன்றும் விறைக்கின்றன. ஆகையால் கம்பிவலையை நாங்கள் கழற்றவில்லை. சுவர் அவன் கால்களைத் தடுக்கிறது. நடையும், துணையும், அடிக்கு அஞ்சாத வாசலும் அவன் மனதை இருத்துகின்றன. ஒன்று தவறுகிற நாளில் மற்றொன்று தாங்கும்படி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி நடந்து, கேட்டின் கொண்டியை உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள். பிறகு நாயின் அருகே சற்று நேரம் உட்காருங்கள்.