ஐஸ் வரல... அப்பா வந்துட்டார்!

அக்னி நட்சத்திரத்துல மதுரை எப்படிக் கொதிக்கும்னு தனியா சொல்லணுமா என்ன? அந்த வெயில்ல, ரெண்டு வருஷம் கழிச்சு துபாயிலிருந்து லீவுல வந்தார் அப்பா. அந்த நேரம் பார்த்தா எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணணும்!

அப்பா அங்கே ஒரு வீட்டுல டிரைவர். அந்த வீட்டு கிச்சன்ல, ஃபிரிட்ஜ் கதவுல டம்ளரை அமுக்கினா பொலபொலன்னு ஐஸ் கொட்டுமாம். அதே மாதிரி ஒண்ணை போன லீவுல வாங்கி, வில்லாபுரத்துல இறக்கிட்டுத்தான் பிளைட் ஏறினார். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. எதிர்வீட்டு அத்தை போடுற ஜிகர்தண்டாவுக்குக்கூட எங்க வீட்டு ஐஸ்தான்.

வந்ததும் டம்ளரை அமுக்கினார். 'கர்ர்'னு சத்தம் மட்டும்தான்.

மெக்கானிக் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, "ஐஸ் மேக்கரே போச்சுண்ணே. மாத்த 9,000 ஆகும்"னார். "சரி தம்பி, மாத்திரு"ன்னுட்டார் அப்பா. எனக்கு சுருக்குன்னுச்சு. பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிருந்தேன். எம்.எஸ்சி. சேரணும்னு முந்தின நாள்தான் கேட்டேன். "பிசிக்ஸை வச்சு என்னத்தா பண்ணப் போறே?"ன்னு முடிச்சுட்டார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்கப்பா"ன்னு கெஞ்சி, ஃபிரிட்ஜோட வந்த புக்கை எடுத்தேன். யாரும் பிரிச்சதே இல்லை! உள்ளே வர்ற தண்ணிக்கு குறைஞ்சது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேணும்னு போட்டிருந்துச்சு. எங்க மாடி டேங்க்ல தண்ணி மட்டம் ஃபிரிட்ஜுக்கு மேலே 12 அடி. 2.31 அடி உயரத்துக்கு 1 பி.எஸ்.ஐ. கணக்குப் போட்டா அஞ்சுக்குக் கொஞ்சம் மேலேதான் தேறுச்சு. ஆரம்பத்துலேருந்தே கட்டிகள் அரைக்கட்டியா விழுந்ததுக்கு அதுதான் காரணம். மாடல் அப்படின்னு நினைச்சிருந்தோம்!

அழுத்தம் இல்லைன்னா தண்ணி வால்வு இறுக்கி மூடாது. சொட்டுச் சொட்டா கசியும். அந்தச் சொட்டு ஃபிரீசருக்குள்ள நுழையற குழாயிலேயே உறைஞ்சு அடைச்சிடும். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையா ஒரு ஐஸ் குச்சி!

பிளக்கைப் பிடுங்கி, வெந்நீர்ல பிழிஞ்ச துணியைச் சுத்திச் சுத்தி வச்சேன். (ஸ்க்ரூ டிரைவரால குத்தப் போன தம்பி கையில ஒரு அடி.) வால்வு வாய்ல இருந்த வலையில போர்த்தண்ணி உப்பு அப்பியிருந்துச்சு. பிரஷ்ஷால தேய்ச்சேன். அப்புறம் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஒரு சின்ன பம்ப்பும், அழுத்தம் ஏறினதும் அதை நிறுத்த பிரஷர் சுவிட்ச்சும் மாட்டி, 20 லிட்டர் கேன்ல இணைச்சார். மொத்தம் 1,900 ரூபா. என் டியூஷன் காசு.

ராத்திரி பூரா ஒண்ணும் விழலை. நானும் தூங்கலை. விடிகாலைல 'தடதட'ன்னு ஒரு சத்தம். எழுந்து ஓடினா, எனக்கு முன்னாடி லுங்கியோட அப்பா நிக்கிறார்!

"முதல் ரெண்டு தடவை விழுறதைக் கொட்டிரணும்ப்பா, குழாய் அழுக்கு"ன்னேன். கேக்கல. முழுசு முழுசா விழுந்த கட்டிகளை டம்ளர்ல பிடிச்சு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒண்ணை வாயில போட்டுக்கிட்டார்.

அந்த நேரம் பார்த்து அப்ளிகேஷனை நீட்டினேன். வாயில ஐஸ், பேச முடியலை. படிச்சார். கரைஞ்சு முடியற வரைக்கும் படிச்சார்.

"ஹாஸ்டல் எல்லாம் வேணாம்த்தா. பல்கலை நகர் பஸ்ல போயிட்டு வந்துரு."